பிடிமண்ணில் ஓர் எலுமிச்சம்பழம் அளவு

சேலையூர், கிழக்கு தாம்பரம்
12.6.88, ஞாயிற்றுக்கிழமை

குன்றத்தூர் மலையடிவாரத்தில் நிலம் வாங்கி, நிலம் விற்று, அந்த நிலத்தைப் போலவே அசையாமல் வாழ்ந்துவரும் என் மனைவியின் மூத்த சகோதரர், அன்பு மச்சான் தனக்கோடி அவர்களுக்கு, மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதையே முழுநேர உத்தியோகமாகக் கொண்டுவிட்ட ஏகநாதன் வணக்கத்துடன் எழுதும் கடிதம். இங்கே நானும் உங்கள் தங்கை கிளியம்மாளும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்களும், வீட்டில் அக்காவும், உங்கள் மனைகளும், அந்த மனைகளின் எல்லைக்கற்களும் நட்ட இடத்திலேயே சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

போன வாரம் நான் நேரில் வந்து கேட்டபோது நீங்கள் பாதிப் பேச்சில் எழுந்து உள்ளே போய்விட்டீர்கள். நேரில் வந்தால் நீங்கள்தான் பேசுகிறீர்கள். கடிதத்தில் நான் மட்டும்தான் பேச முடியும் என்பதால் எழுதுகிறேன். விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் ஆதிமண் அம்மன் நகரில் அம்மன் பிரதிஷ்டை. அதற்காகச் சித்திரை மாதம் எங்கள் கிணற்றிலிருந்து எடுத்துப்போன பிடிமண்ணை மஞ்சள் துணியில் கட்டிச் செம்புக்குள் போட்டுப் பூஜை அறையில் வைத்திருக்கிறீர்கள். அந்த மண்ணின் நடுப்பாகத்திலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் அளவு எனக்கு வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வேண்டும். பாலும் தயிரும் மஞ்சள் தண்ணீரும் படாமல் வேண்டும். இதில் எங்கள் வீட்டுத் தண்ணீரும் ஒரு பெண்ணின் எதிர்காலமும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. எப்படி மாட்டிக்கொண்டன என்பதைக் கோபப்படாமல் கடைசி வரை படிக்கவும்.

சித்திரையில் எங்கள் கிணறு வற்றியது உங்களுக்குத் தெரியும். ‘ஆழப்படுத்து மாப்ளே, தண்ணி இல்லாத வூட்டை எவன் வாங்குவான்?’ என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வீட்டை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை என்று நான் சொன்னதை நீங்கள் காதில் வாங்கவில்லை, அது போகட்டும். கிணறு வெட்டும் மாரியைக் கூப்பிட்டேன். மாரி அப்போது காலையில் பக்கத்துத் தெருவில் ஜெயவேலுவின் மனை இடத்துக் கிணற்றிலும், சாப்பாட்டுக்கு மேல் எங்கள் கிணற்றிலும் இறங்கிக்கொண்டிருந்தான். ஜெயவேலுவின் பெயரை எழுதியதற்கு மன்னிக்கவும். உங்களுக்குப் போட்டியாக மனை விற்கிறவரின் பெயரை உங்கள் வீட்டு வாசற்படி தாண்டும் கடிதத்தில் எழுதக் கூடாதுதான். அவருடைய இடம் சபிக்கப்பட்ட உப்பு மண், அதில் எருக்கஞ்செடிகூட முளைக்காது என்று தாம்பரம் மார்க்கெட் முழுக்க நீங்கள் சொல்லி வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். நடந்ததைச் சொல்ல அவர் பெயர் வேண்டியிருக்கிறது, அதனால் எழுதினேன். மாரி வெட்டிக்கொண்டே போனான். வண்டல் முடிந்து, அதற்கும் கீழே திடீரென்று கன்னங்கரேலென்று ஒரு மண் வந்தது. அதில் பூசணிக்காய் அளவு ஒரு கட்டியைப் பெயர்த்துக் கயிற்றில் மேலே ஏற்றினான். அந்த நேரம் பார்த்து எங்கள் மாடியில் குடியிருக்கும் ஞானஜோதி காலேஜிலிருந்து வந்தாள்.

ஞானஜோதியை உங்களுக்குத் தெரியும். வாடகைக்கு வந்தபோது ‘இன்னா படிக்குது அந்தப் பொண்ணு?’ என்று கேட்டீர்கள், நான் ‘மண்’ என்று சொன்னேன், நீங்கள் அவளைச் சர்வேயர் என்று எண்ணி மரியாதையாக எழுந்து நின்றீர்கள். அவள் சர்வேயர் இல்லை. பூமிக்குள் புதைந்துபோன பழங்காலத்து மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா, இருந்தால் அவை யார், இத்தனை காலம் எதைத் தின்று பிழைத்தன என்று ஆராய்ச்சி செய்கிறாள். இதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது, அதற்கு ஒரு பேராசிரியரும் இருக்கிறார். அவள் அந்தக் கறுப்பு மண்ணைப் பார்த்த மாத்திரத்தில் கைப்பையைக் கீழே போட்டுவிட்டாள். ‘அங்கிள், இது ஒரு காலத்துல மேல இருந்த தரை அங்கிள்! இது மேல வெயில் அடிச்சிருக்கு, மழை பேஞ்சிருக்கு, புல்லு மொளச்சிருக்கு. அப்புறம் வெள்ளம் வந்து வண்டலைப் போட்டு மூடிடுச்சு. நம்ம கிணத்துக்குள்ள ஒரு பழைய தரை இருக்கு!’ என்றாள். நான் முப்பது வருஷம் ரயிலோடு இருந்தவன், எனக்கு என் வழியில்தான் புரியும். யார்டில் ஓரமாகத் தள்ளிவிட்டு மறந்துபோன ஒரு பெட்டி, அதற்குள் இறங்காமல் தங்கிவிட்ட பயணிகள், கதவைத் திறந்து இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கப் போகிறாள் இந்தப் பெண். இதுதான் நான் புரிந்துகொண்டது. அவளிடம் சொன்னேன், சரிதான் என்றாள்.

அந்தச் சமயத்தில் நீங்கள் வந்தீர்கள். மாவடு வாங்கிப் போக வந்ததாகக் கிளியம்மாள் சொல்கிறாள். வந்தவர் மாவடுவை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ‘இன்னாம்மா, அந்த மண்ணுக்குள்ள அப்படி இன்னா கீது?’ என்று கேட்டீர்கள்.

‘உயிருங்க சார். கண்ணுக்குத் தெரியாது. பல ஆயிரம் வருஷமா இதுக்குள்ளயே அடங்கிக் கிடக்கும். நல்லபடியா ஆகாரம் குடுத்து, சூடு குடுத்தா முழிச்சுக்கும்.’

‘முழிச்சுகினா?’

‘பெருகும் சார்.’

நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். நான் அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல், பல ஆயிரம் வருஷமாக மண்ணுக்குள் உயிரோடு அடங்கிக் கிடந்து, ஆகாரம் படைத்தால் விழித்துக்கொண்டு பெருக வைக்கிற சக்தி என்றால் அது யார் என்று உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. உங்கள் குன்றத்தூர் லே-அவுட்டில் கோயிலுக்கென்று ஒதுக்கிய மூலை சாமி இல்லாமல் காலியாகக் கிடந்ததும், கோயில் இல்லாததால் எதிர் வரிசை மனைகள் போகாமல் நின்றதும் தற்செயல் என்றே வைத்துக்கொள்கிறேன். ஓரிடத்துச் சாமியை வேறிடத்தில் வைக்க அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவது நம்மில் எல்லாரும் செய்வதுதான். மண் கொடுத்த இடம் சாமிக்குத் தாய்வீடு, திருவிழாவுக்குத் திருவிழா அந்த இடத்துக்காரருக்குத்தான் முதல் மரியாதை என்பதும் வழக்கம்தான். நீங்கள் ‘மாரி, கறுப்பு மண்ணு ஒரு பிடி எடுத்துக் குடு’ என்றீர்கள். எங்கள் வீட்டிலேயே மாவடுவை மறந்து, செருப்பை மறந்து, மஞ்சள் துணிக்குள் தேங்காய் அளவு ஒரு கட்டியோடு திரும்பிப் பார்க்காமல் வெறுங்காலில் பஸ் ஏறினீர்கள். கட்டியைச் சுற்றிவைக்க அலுமினியத் தாள் எடுத்துவர மாடிக்கு ஓடிய ஞானஜோதி கீழே வந்து பார்த்தால் கட்டியைக் காணோம். ‘பெரியவரு மண்ணு கேட்டாரு, குடுத்துட்டேன்’ என்றான் மாரி. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழே கிணறு முழுக்க அதே மண் இருக்கிறதே என்று இருந்துவிட்டாள்.

இதற்குப் பிறகு நடந்ததில் யார் மேலும் தப்பில்லை. முக்கியமாக என் மேல் இல்லை. ஞானஜோதி கிணற்றில் இறங்கி மண் எடுக்க வேண்டும், அதற்கான குழாய்களையும் கரண்டிகளையும் காலேஜில் ஆவியில் வைத்து வேக வைக்க வேண்டும், அந்த ஆவிப்பானை ரிப்பேரில் இருக்கிறது, அது வரும்வரை வேலையை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டாள். நிறுத்தி வைத்தேன். போகும்போது கிளியம்மாளிடம், ‘ஆன்ட்டி, அந்த எடத்தை மட்டும் சுத்தமா வெச்சிருக்கணும். அதுலதான் எல்லாமே இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனாள். உங்கள் தங்கையிடம் போய்ச் சுத்தம் என்று சொன்னால் என்ன ஆகும் என்பது கூடப் பிறந்த உங்களுக்குத் தெரியாதா? மறுநாள் விடியற்காலையிலிருந்து பக்கத்து வீட்டுத் தட்சிணாமூர்த்தியின் பசு போட்ட புதுச் சாணியைக் கரைத்து, கிணற்றைச் சுற்றிலும், கிணற்றுக்குள்ளும், அந்தக் கறுப்பு மண் தெரிகிற இடத்தைக் குறிபார்த்து வாளி வாளியாகத் தெளித்தாள். குடிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில் சாணி கரைக்கத் தண்ணீர் இருந்தது. விளிம்பில் கோலம் போட்டாள். வேப்பிலை கட்டினாள். வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் தண்ணீர். செவ்வாய்க்கிழமைகளில் சாம்பிராணிச் சட்டியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் புகை போட்டாள். நான் என் பங்குக்குப் பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கிணற்றருகே யாராவது வந்தால் ஊதி விரட்டினேன். ஒரு நாள் ஏணி வைத்து இறங்கி விளக்குமாற்றால் அந்த இடத்தைப் பெருக்கிவிட்டும் வந்தேன். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை வீடு வீடாகப் போய்ப் பார்த்தாலும் அவ்வளவு சுத்தமான கிணறு ஒன்று அப்போது இருந்திருக்காது. 

ஆவிப்பானை சரியாகி அவள் ஒரு காலை நேரத்தில் இறங்கி மண் எடுத்துப் போனபோது நாங்கள் பக்கத்தில் இல்லை, தண்ணீர் லாரிக்குப் போயிருந்தோம். இருந்திருந்தால் எங்கள் உழைப்பைச் சொல்லியிருப்போம். இரண்டாம் நாள் அவள் கையில் ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். ஆகாரம் போட்டு வைத்த கண்ணாடித் தட்டுகளில் கிருமிகள் தட்டுத் தட்டாக முளைத்துத் தள்ளுகின்றனவாம், பழங்காலத்து மண்ணில் இவ்வளவு உயிரை இதுவரை கண்டதில்லையாம். தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். பேராசிரியர் சாலமோன் மட்டும் மைசூர்பாகைக் கையில் வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு அந்தத் தட்டுகளைப் பூதக்கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்தாராம். ‘ஞானஜோதி, இவங்க பல ஆயிரம் வருஷமா மண்ணுக்குள்ள இருந்தவங்க இல்லம்மா. நேத்து வரைக்கும் மாட்டு வயித்துல இருந்தவங்க’ என்றாராம். அவள் அடித்துப்பிடித்து வீட்டுக்கு வந்தாள். கிளியம்மாள் அப்போதுதான் வாளியோடு கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். ‘ஆன்ட்டி, இன்னா ஆன்ட்டி இது?’ என்றாள் அந்தப் பெண், நல்ல தமிழெல்லாம் மறந்துபோய். ‘நீதானேம்மா சுத்தமா வெச்சிக்கச் சொன்னே?’ என்றாள் உங்கள் தங்கை. தட்சிணாமூர்த்திக்கு விஷயம் தெரிந்து, அவர் பசு காலேஜில் தேறிவிட்டதாக இப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அவள் அதோடு விட்டுவிடவில்லை. சாணித் தண்ணீர் இறங்காத ஆழத்துக்குப் பக்கவாட்டில் குடைந்து உள்ளே இருக்கும் மண்ணை எடுக்கிறேன் என்றாள். குடைய ஆள் வருவதற்குள் கோடை மழை வந்துவிட்டது. சித்திரையில் வர வேண்டிய மழை வைகாசியில் வந்து, சேலையூரில் எங்கள் கிணறு ஒன்றைத்தான் தேடிப் பெய்தது போல ஒரு பக்கச் சுவரை அப்படியே சரித்துவிட்டது. வண்டலும் கறுப்பு மண்ணும் சாணியும் கோலப்பொடியும் வேப்பிலையும் கலந்து இப்போது கிணற்றடியில் கூழாகக் கிடக்கிறது. மாரி வந்து எட்டிப் பார்த்து, ‘சார், இத்த வாரிக் கொட்டிட்டு உடனே சிமிட்டி உறை எறக்கிரணும். உறை எறக்கிட்டா அந்தக் கறுப்பு மண்ணு அதுக்குப் பின்னால பூடும். இல்லாங்காட்டி மொத்தக் கிணறும் குந்திக்கும்’ என்றான். 

அன்று சாயங்காலம் ஞானஜோதி கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதாள். மாதக் கடைசிக்குள் சுத்தமான மண் கிடைக்காவிட்டால் இந்த ஆராய்ச்சியை மூடிவிட்டு வேறு தலைப்பு எடு என்று சாலமோன் சொல்லிவிட்டாராம். மூன்று வருஷ உழைப்பு. மச்சான், நான் அழுகிறவர்களைப் பார்த்துப் பழகியவன். கடைசி வண்டியைத் தவறவிட்டுப் பிளாட்பாரத்தில் நின்று அழுதவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பார்த்துக்கொண்டே பச்சை விளக்கைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறேன். வேலை அப்படி. இந்தத் தடவை எனக்குப் போக வண்டி இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, வாடகைக்கு வந்த பெண்தான், நம் ஜாதியுமில்லை மதமுமில்லை, ஆனாலும் அவள் அழுததைப் பார்த்து நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கிளியம்மாள் அதைவிட மோசம். சாணி வாளியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். ‘அந்தப் பொண்ணுக்கு மண்ணு கெடைக்கிற வரைக்கும் இந்தக் கிணத்துல ஒரு மம்புட்டி விழக் கூடாது, சொல்லிட்டேன்’ என்று மாரியை அனுப்பிவிட்டாள். மாரி போய்விட்டான். தண்ணீரும் போய்விட்டது. 

இப்போது எங்கள் பிழைப்பு லாரித் தண்ணீரில். வாசலில் ஒரு டிரம். காக்காய் வந்து மூடியைத் தட்டிவிடுகிறது என்று அதன் மேல் கிளியம்மாள் ஒரு பெரிய கருங்கல்லை வைத்திருக்கிறாள். ஒரு சொம்பு தண்ணீர் எடுக்க அந்தக் கல்லை நான் இறக்க வேண்டும், எடுத்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். இரண்டு தோள்பட்டையும் போய்விட்டது. குளிப்பதை நான் தள்ளிப்போட்டுவிட்டேன். இதை நீங்கள் எனக்காகப் படிக்க வேண்டாம், உங்கள் தங்கைக்காகப் படியுங்கள். 

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பெண்ணுக்கு நினைவு வந்தது. முதல் நாள் மாரி பெயர்த்து எடுத்த கட்டி. சாணி படும் முன்னால் வெளியே வந்தது. அதைப் பெரியவர் கொண்டுபோய்விட்டாரே! மேலே எத்தனை பேர் கை பட்டாலும் கவலை இல்லையாம். மேல் தோலைச் சீவி எறிந்துவிட்டு நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் அளவு எடுத்தால் போதுமாம், அதற்குள் இருப்பவர்கள் பழைய ஆட்கள்தானாம். அதைக் கேட்கத்தான் போன வாரம் அவளை அழைத்துக்கொண்டு நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் மோர் கொடுத்தீர்கள். அதை மறக்கவில்லை. அதன் பிறகு சொன்னதையும் மறக்கவில்லை.

‘நீ சர்ச்சுக்குப் போற பொண்ணு. எங்க அம்மனை வெட்டிப் பாக்கப் போறியா?’

‘வெட்டலை சார். உள்ள யாரு இருக்காங்கன்னு பாக்கறேன், அவ்ளோதான்.’

‘உள்ள யாரு இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியும்.’

‘எனக்குத் தெரியாது சார். அதான் பாக்கணும்.’

அவள் குரலை உயர்த்தவில்லை. நீங்கள்தான் எழுந்து உள்ளே போனீர்கள். போகிற போக்கில், ‘மாப்ளே, பத்திரிகை அடிச்சாச்சு, சேலையூர் புண்ணிய பூமின்னு போட்டாச்சு, பேஜார் பண்ணாதே’ என்று சொன்னது எனக்குக் கேட்டது. பத்திரிகையை நானும் பார்த்தேன். ‘சேலையூர் புண்ணிய பூமியில் பொன்போல் விளைந்த ஆதிமண்’ என்று எழுதி, மண் விளைந்த இடத்துக்காரருக்கு அன்று பரிவட்டம் கட்டி முதல் மரியாதை, ஆண்டுதோறும் ஆடி மாதம் முதல் பொங்கல் அவர் வீட்டு வாசலுக்கு வரும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் என்பதை மறைக்க மாட்டேன். வாழ்நாள் முழுக்க ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்றவனுக்கு முதல் மரியாதை என்றால் சும்மாவா? கண்ணாடி முன்னால் நின்று துண்டைத் தலையில் கட்டிக்கூடப் பார்த்தேன். எனக்குப் பொருந்துகிறது. 

ஆகவே இப்போது நான் சொல்லப்போவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மச்சான், எனக்கு அந்தப் பரிவட்டம் வேண்டாம். முதல் மரியாதை வேண்டாம். ஆடிப் பொங்கல் வேண்டாம். தாய்வீட்டுக்காரன் என்ற உரிமையை முழுமனதோடு உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன், நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக எலுமிச்சம்பழம் அளவு மண் கொடுங்கள். மிச்சக் கட்டி முழுக்க அம்மனுக்கு. பெற்ற தாயின் புடவையில் ஒரு நூலை எடுத்தால் தாய் கோபித்துக்கொள்வாளா? அந்தப் பெண்ணுக்கு மண் கிடைத்தால் கிளியம்மாள் மனம் இறங்குவாள், மாரி கிணற்றில் இறங்குவான், உறை இறங்கும், தண்ணீர் மேலே வரும். எல்லாம் உங்கள் செம்புக்குள் இருக்கிறது. 

வெள்ளிக்கிழமை பிரதிஷ்டை இனிதே நடக்கட்டும். எதிர் வரிசை மனைகள் எல்லாம் ஈசானிய மூலை குறையாமல் விற்றுப்போகட்டும். அக்காவுக்கு முழங்கால் வலி குறையட்டும். உங்கள் செருப்பு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, பத்திரம். 

என்றும் உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்ட,
தங்கையின் கணவன்,
ஏகநாதன்

பின்குறிப்பு (திங்கள் காலை): கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை தேடிக்கொண்டிருந்தபோது லாரி வந்துவிட்டது. என் தோள்பட்டை வலியைப் பார்த்து ஞானஜோதி, ‘நகருங்க அங்கிள்’ என்று டிரம் மேல் இருந்த கருங்கல்லைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். வெயிலில் காய்ந்து இறுகியிருந்தாலும் அது கல் இல்லையாம். உடைந்த ஓரத்தில் நூல் நூலாகப் பழைய வேர்கள் போன தடம் தெரிகிறதாம். ஆள் அனுப்பி மாரியைக் கூப்பிட்டோம். ‘ஆமா, முதல் நாளு வந்த கட்டிதான் இது. அந்தப் பொண்ணு மாடிக்குப் போயிருந்தப்போ டிரம்மு மேல வெக்க ஒரு கல்லு குடுடான்னு அம்மா கேட்டாங்க, அத்தத் தூக்கிக் குடுத்தேன்’ என்றான். கிளியம்மாளும் ஆமாம் என்கிறாள். அப்படியானால் பெரியவருக்கு என்னத்தைக் கொடுத்தாய் என்றேன். ‘அவுரு கறுப்பா ஒரு பிடி கேட்டாரு சார். அதுக்குன்னு மறுபடி யாரு கிணத்துல எறங்கறது? காலைல ஜெயவேலு சார் கிணத்துல வாருன களிமண்ணு கூடையில ஒட்டிக்கினு இருந்துச்சு. அத்த உருட்டிக் குடுத்தேன். அதுவும் கறுப்புதான்’ என்றான். 

ஞானஜோதி அந்தக் கட்டியைப் பச்சைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு ஆட்டோவில் காலேஜ் போய்விட்டாள். போகும் முன் கிளியம்மாள் அதற்கு ஆரத்தி எடுக்க மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள், நான் விசிலை ஊதி நிறுத்திவிட்டேன். மாரி கிணற்றில் இறங்கிவிட்டான். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாகப் பாவிக்கவும். உங்கள் செம்பைத் தொட வேண்டாம், அம்மன் அப்படியே இருக்கட்டும். முதல் மரியாதையை உங்களுக்கு விட்டுக்கொடுத்ததையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஏனென்றால் விட்டுக்கொடுக்க அது என்னுடையதாக இருக்கவில்லை. மண் விளைந்த இடத்துக்காரருக்குத்தான் என்று பத்திரிகையில் நீங்களே போட்டிருக்கிறீர்கள். மாரி வாய் சும்மா இருக்காது, மண்வெட்டி எடுத்துவரப் போன வழியிலேயே ஜெயவேலுவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவர் உங்கள் பத்திரிகையை வாங்கி இரண்டு தடவை படித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், தம்முடைய மனைகளுக்கு ‘மூலஸ்தான நகர்’ என்று போர்டு எழுதவும் கொடுத்துவிட்டார். 

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. குன்றத்தூருக்குத் தாம்பாளத்தோடும் பட்டு வேட்டியோடும் இப்போதே புறப்படுகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் செருப்பையும் அவரே கொண்டுவருகிறார். நீங்கள் இதைப் படித்து முடிக்கும் வரை அவர் உங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பார். மரியாதைக்கு உரியவர், வெயிலில் நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிடுங்கள்.